இடப்பக்கத்து பெஞ்சு

7-5-34, திங்கள். தெப்ராவ், மலாயா.
விடியலில் மழை, பிறகு கண் கூசும் வெயில். சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும். மறதி.

தோட்டத்துப் பள்ளியின் கரும்பலகைக்கு நேற்று வார்னீஷ் பூசியிருக்கிறார் தோட்டத்துக் கணக்கர், கிராணி சாமுவேல். சர்ச்சிலிருந்து வந்த கையோடு, தானே. வியாழனன்று பள்ளி இன்ஸ்பெக்டர் வருகை.

"மொகம் தெரியுது பாருங்க வாத்தியாரே! சவரமே செஞ்சுக்கலாம்."

தெரிந்தது. என் மூக்கு, அவர் தொப்பி. சுண்ணக்கட்டி வழுக்குகிறது.

அன்று பிள்ளைகள் சரியாகப் படிக்காவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாகத் துரை சொல்லியிருக்கிறார். பிறகு எல்லாரும் புல் பிடுங்கப் போக வேண்டியதுதான்.

8-5, செவ்வாய். வெயில்.
வலப்பக்கம் கடகடவென்று படிக்கிறது. இடப்பக்கத்து பெஞ்சு முழுக்க ஊமை. போன வாரம் நன்றாகப் படித்த பிள்ளைகள்.

"முனியம்மா, என்ன எழுதியிருக்கு?"

"சன்னலு சார்."

"அலமாக், சன்னலாம் லா!" வலப்பக்கத்தில் சிரிப்பு.

கோபம் வந்தது. பிறகு ஏதோ தோன்றி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சில் இடித்தது. பலகையில் தெரிந்தது சன்னல்தான். அதற்குள் ரப்பர் மரங்கள், வெள்ளை வானம். என் எழுத்து எங்கும் இல்லை.

வழுவழுப்பான பரப்பு ஒளியை ஒரே பக்கம் திருப்பும். சொரசொரப்பானது எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். சென்னையில் தேர்வில் எழுதியது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரவு என் கவிதைகளைப் புரட்டினேன். எத்தனை மெருகு. எங்கே உட்கார்ந்து படிப்பவனுக்கு?

9-5, புதன். புழுக்கம்.
சன்னலைச் சாத்தினால் வகுப்பே இருட்டு. கிராணியிடம் போனேன்.

"இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க சார். எழுத்தே தெரியல."

"நானா? கூலிப் பிள்ளைங்க பெஞ்சியிலயா? நல்லாருக்கு லா! படிக்காததுங்களுக்குப் பலகை மேல பழியா?" பிறகு மெதுவாக, "நான் பூசுனது ஒங்களுக்குப் புடிக்கல. சொல்லிடுங்க."

அவர் கையால் செய்தது. அதைச் சுரண்ட வேண்டும்.

மாலை. மணல், தேங்காய் நார், பிள்ளைகள். தேய்க்கத் தேய்க்க முகங்கள் மறைந்தன. மேலே கரித்தூள். உள்ளங்கை எரிகிறது.

10-5, வியாழன். நல்ல வெயில்.
கிராணி புதுக் கோட்டில் வந்தார். பலகையைப் பார்த்தார். "கொன்னுட்டீங்களே." சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சன்னல் முழுக்கத் திறந்திருந்தது. இன்ஸ்பெக்டர் இடப்பக்கம் கைகாட்டினார். முனியம்மா எழுந்தாள். ஒரு வரி. இன்னொன்று. கடைசி வரை. பிறகு பெஞ்சு முழுவதும், ஒவ்வொருவராக.

"பள்ளி நடக்கட்டும்" என்று கூட வந்திருந்த துரையிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கிராணி போகவில்லை. "தள்ளி உக்காரு புள்ள" என்று முனியம்மாவிடம் சொல்லிவிட்டு, கோட்டை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வரி வரியாகப் பலகையைப் பார்த்தார்.

"வாத்தியாரே, மூணாவது வரியக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க. இங்கேருந்து சரியாத் தெரியல."