அப்பா தொலைத்த ஸ்கூட்டர் சாவி

12 பிப்ரவரி 2003, புதன்

அப்பா மறுபடியும் ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்துவிட்டார். மாற்றுச் சாவி போன மாதமே போயிற்று. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகப் போன் செய்தார். ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

ஷோரூமில் லாக் செட்டையே மாற்றச் சொன்னார்கள். அந்தக் காசுக்கு இந்தப் பழைய வண்டியே போகாது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் சாவி போடுகிறவரைக் கூட்டிவந்தேன். அவர் வெயிலிலேயே உட்கார்ந்து புதுச் சாவி ராவிக் கொடுத்தார்.

"லாக்கு நல்லாத்தான் கீதும்மா. இன்னாத்துக்கு மாத்தணும்? இன்னொரு சாவியும் போட்டுக்க."

இரண்டாக வாங்கிக்கொண்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அப்பா சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"திருக்கழுக்குன்றம் எந்தப் பக்கம்மா?"

எங்கள் ஊர் அது. வேலையில் இருந்தவரை தினமும் அவர் போய்வந்த சாலை.

"நான் ஓட்டறேன்பா. நீங்க பின்னாடி உக்காருங்க."

என்னை ஒருநாளும் ஓட்டவிடாதவர், இறங்கிப் பின்னால் உட்கார்ந்தார். வீடு வரும்வரை என் தோளை விடவில்லை. அவர் வழி கேட்டதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

காலையில் சாவி கேட்பார். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கேட்காமலே இருந்துவிட்டால், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.