ஏணிப் பக்கம் தலைமாடு

காட்டுப்பாக்கம்

அன்பு மகள் சஹருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே சுகம், என் மூட்டுவலியையும் சுகத்தில் சேர்த்துக்கொண்டால். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் இஃபத்தும் பாசித்தும் குறைவில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டு நாகவல்லியின் மகள் சுவேதா லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய்த்தூள் கொடுத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களாம், கடிதத்தைப் பிடுங்கமாட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன், ஒரு வாரமாக எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டில் வந்துவிட்டது சஹர்! உன் பிள்ளைகளுக்காக, மேலே ஒன்று கீழே ஒன்று, ஏணி வைத்த அடுக்குக் கட்டில்!

எந்தக் கட்டில், யார் கேட்டார்கள் என்று விழிக்காதே, சொல்கிறேன். போன மாதம் நீ தயங்கித் தயங்கிச் சொன்னாயே, இந்த முறை டிசம்பர் லீவுக்கு வரும்போது மாப்பிள்ளை போரூர் பக்கம் சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கலாம் என்கிறார், பகலெல்லாம் உங்களோடுதான் இருப்போம், ராத்திரி படுக்க மட்டும் அங்கே போய்விடுவோம் என்று. உங்கள் இஷ்டம்மா என்று நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் போனை வைத்த பிறகு கையிலிருந்த டீயை அப்படியே கொட்டிவிட்டேன். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லமாட்டேன். போன தடவை ஹாலில் பாய் விரித்துப் படுத்தீர்கள், இஃபத் உருண்டு உருண்டு விடியும்போது சமையலறை வாசலில் கிடந்தாள், பாசித்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பழைய இரும்புக் கட்டிலில் போட்டால் அவன் அதிலிருந்து விழுந்து புருவம் புடைத்துக்கொண்டான், எந்தத் தகப்பனுக்கும் மனசு பதறத்தான் செய்யும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் ராத்திரியானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அப்புறம் இது வீடா, சாப்பிட்டுக் கைகழுவிப் போகிற பிரியாணிக் கடையா? என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தாவிடம் சொன்னேன். அவர் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட்டைப் பாதியில் நிறுத்தினார், அதிலேயே உனக்குப் புரிய வேண்டும். புள்ளைங்க தூங்க எடமில்லன்னா எடம் பண்ணிட்டா போச்சு, இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கினு கீற என்றார்.

அன்றிலிருந்து எங்கள் காலில் சக்கரம்தான். முதலில் நம் ரோட்டிலேயே புதிதாகத் திறந்திருக்கிற கடை. இரும்புக் குழாயில் செய்து பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருந்தான். விற்கிற பிள்ளை, ஆன்ட்டி, இது மேல யானையே படுக்கலாம் என்றான். நான் ஒரு கையால் பிடித்து ஆட்டினேன், கட்டில் கரகம் ஆடியது. யானை சும்மா படுத்திருக்கும் தம்பி, என் பேத்தி உருள்வாளே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்தது பாடி பக்கம் ஒரு பெரிய கடை, அங்கே கார் மாதிரி ஒரு கட்டில், பார்த்தவுடன் உன் அத்தா பாசித்தாகவே மாறிப்போனார், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கிறார். மேல் கட்டிலின் தடுப்பு நல்ல உயரமாகத்தான் தெரிந்தது. ஆனால் அதில் மெத்தை இல்லை! மெத்தையைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன், அவர்கள் போட்ட பஞ்சு மெத்தைக்கு மேல் தடுப்பு நாலு விரல்கூட மிஞ்சவில்லை. நாலு விரல் தடுப்பு இஃபத்துக்கா? ஏணியும் உருண்டைக் குழாய். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பார்த்தேன், இரண்டாவது படியிலேயே பாதம் வலித்து உயிர் போனது. அத்தா சோபாக்கள் பக்கம் போய் நின்று, ஏணியில் நிற்கிற இந்த அம்மா யாரோ என்பதுபோல் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

இந்தக் கடைகளில் ஒருவரும் சொல்லாத ஒன்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அறையில் நின்றபோதுதான் உறைத்தது. மேலே மின்விசிறி! மேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பிள்ளை கையைத் தூக்கினால் றெக்கை எட்டும் தூரத்தில் சுற்றுகிறது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொல்லி, சுவரில் மாட்டுகிற கூண்டு விசிறி இரண்டு போட்டாயிற்று, மேலே தனியாக, கீழே தனியாக. எனக்குக் காத்து வரலை உனக்குத்தான் வருது என்று இருவரும் சண்டை போட முடியாது பார். அப்புறம் கடையே வேண்டாம் என்று பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் முகமது ஆசிக்கிடம் போனோம், அத்தாவுக்குப் பள்ளிவாசல் பழக்கம். நான் சொல்லச் சொல்ல அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். மெத்தை போட்ட பிறகும் தடுப்பு ஒரு முழம் நிற்கணும், கம்பு கம்புக்கு நடுவே என் முஷ்டி நுழையலாம் பிள்ளையின் தலை நுழையக் கூடாது, படி பட்டையாக அகலமாக வேணும், மூலையெல்லாம் மழுங்கணும், ஆணித்தலை ஒன்றும் வெளியே தெரியக் கூடாது, கீழே உட்காரும் பிள்ளைக்கு மேல் பலகை தலையில் இடிக்கக் கூடாது. இன்னாக்கா, நீங்க கட்டில் கேக்குறீங்களா, கோட்டை கேக்குறீங்களா என்றார். கோட்டைதான், கட்டு என்றேன்.

கட்டில் நல்ல மழையில் குட்டியானை வண்டியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. பாகம் பாகமாக உள்ளே கொண்டுபோய் அறையிலேயே முடுக்கி, தெற்குச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். அடடா, என்ன அழகு என்கிறாய்! நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ரானாவாக இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, ஆசிக்குக்கும் ஆட்களுக்கும் சேமியா பாயசம் கொடுத்து அனுப்பிவிட்டு, உனக்குப் போட்டோ அனுப்பலாமா, வேண்டாம் நேரிலேயே பார்க்கட்டும் என்று என்னோடு நானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு அத்தா கீழ்க்கட்டிலில் சும்மா படுத்துப் பார்த்தார். அப்புறம், அஷ்ரஃபு, இங்க வா என்று ஒரு குரல். போனால் மனுஷர் மல்லாந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். புள்ளையோட தலை இந்தப் பக்கந்தான வரும் என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று.

கேள். மேற்கே கால் நீட்டி இந்த வீட்டில் யார் படுத்திருக்கிறோம்? நாம் பார்த்துத் தொழுகிற கிப்லா பக்கம் கால் நீட்டக் கூடாது என்று உனக்குக்கூட நான் ஒரு தடவைக்கு மேல் சொன்னதில்லை, பாய் விரிக்கும்போதே கை தானாக அதற்கேற்ற மாதிரி விரித்துவிடும். கட்டில் கிழக்கு மேற்காக நிற்கிறது, அப்படியானால் தலை மேற்கே. ஏணியும், ஏறி நுழைவதற்காகத் தடுப்பில் விட்ட இடைவெளியும் எந்தப் பக்கம்? அதே மேற்கு! கிழக்குப் பக்கம் வைத்தால் உன் பீரோ கதவு ஏணியில் இடிக்கும் என்று நானேதான் இந்தப் பக்கம் வைக்கச் சொன்னேன். முழம் போட்டு அளந்தோம், மழையில் நனைந்து அளந்தோம், தலை எந்தப் பக்கம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, காற்று எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா? கோட்டை கட்டிவிட்டு, உருளுகிற பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம்! கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்றால் தடுப்பு சுவர்ப் பக்கம் போய், தடுப்பில்லாத பக்கம் வெளியே வந்துவிடும். சின்னப் பிள்ளைதானே, தலையைக் கிழக்கே வைக்கட்டுமே என்று வாய்வரை வந்தது, எனக்கே மனசு ஒப்பவில்லை, விழுங்கிவிட்டேன். இனி மாப்பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது, அபார்ட்மென்டே எடுத்துக்கொள்ளட்டும் போ என்று அழுகைகூட வந்துவிட்டது.

மறுநாள் ஆசிக் வந்தார். பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். நானும் தெனம் மேற்க பாத்து தொழுறவன்தானேக்கா, இது தோணல பாரு என்றார். ஏணியைக் கிழக்கே மாற்றலாம், இந்த இடைவெளியை அடைத்து அந்தப் பக்கம் திறக்கலாம், அது ஒரு நாள் வேலை, ஆனா பீரோ கீதே என்று இழுத்தார். நான் உன் அத்தாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். உனக்குத் தெரியாது சஹர், நீ போனதிலிருந்து அந்த பீரோவை ஒரு அங்குலம் நகர்த்த விட்டதில்லை அவர். வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூட அதைச் சுற்றி அடிக்க வைத்தார். உன் துப்பட்டாக்களும் கல்லூரி ரெக்கார்டு நோட்டும் உள்ளே வைத்தபடியே இருக்கின்றன. அத்தா தாடியைத் தடவினார். அப்புறம் அவரே போய் ஒரு முனையைப் பிடித்து, பீரோ எங்க நின்னா இன்னா, புள்ள வுழாம இருந்தா போதும், ஒரு கை குடு ஆசிக்கு என்றார். இப்போது அது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த பிரியத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, விடு.

மாற்றி முடித்ததும் நான் சும்மா விடவில்லை. அத்தாவையும் ஆசிக்கையும் அரிசி மூட்டையை மேலே ஏற்றச் சொல்லி, தடுப்பின் மேல் மோத மோத உருட்டிப் பார்த்தேன், ஒரு முனகல் இல்லை. பிறகு நானே ஏறினேன். மேலே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து நாகவல்லி வந்து, இன்னாக்கா இது, இந்த வயசுல பரண் மேல ஏறிகினு கீறீங்க என்று கத்தினாள். நீயும் ஏறு என்றேன், ஏறினாள், இருவரையும் தாங்கியது! இலவம்பஞ்சு மெத்தைதான் போட்டிருக்கிறேன், மெல்லிசாகத் தைக்கச் சொன்னேன், தடுப்பின் உயரம் குறையாது, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு முதுகும் வேகாது. மேல் கட்டில் இஃபத்துக்கு. பாசித் சின்னவன், அவன் மேலே ஏறக் கூடாது, நீ இப்போதே சொல்லிப் பழக்கு. சொன்னால் கேட்கிற ஆளா அவன், அதனால் உன் மாம்பழக் கலர் சேலையை வெட்டிக் கீழ்க்கட்டிலுக்குத் திரை தைத்துவிட்டேன், இழுத்து மூடினால் தனி வீடு, உள்ளே ஒரு குட்டி விளக்கு, இனி இஃபத்தே கீழே இடம் கேட்டு அழுவாள் பார். இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், மேலே நின்று குதிக்கக் கூடாது, தடுப்பில் துப்பட்டா, கயிறு எதையும் கட்டி விளையாடக் கூடாது, இந்த மூன்றையும் பிளேனிலேயே மனப்பாடம் செய்ய வை.

இன்னொன்று. கீழ்க்கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய இழுப்பறை மாதிரி இருந்தது, போர்வை வைக்க என்று அத்தா சொன்னார், நான் நம்பிவிட்டேன். நாலு நாள் முன்பு பெருக்கும்போது இழுத்தால் சக்கரத்தில் நீளமாக ஓடி வருகிறது, ஆள் படுக்கிற மாதிரி பலகை. இது எதற்கு என்று பிடித்துக்கொண்டேன். புது எடத்துல புள்ளைங்க முழிச்சிக்கும், அம்மாவைத் தேடும், அவ பக்கத்துல படுக்க வேணாமா என்றார். ஆசிக்கிடம் எனக்குத் தெரியாமல் சொல்லிச் செய்திருக்கிறார் கள்ளர்! மாப்பிள்ளைக்கு எங்கள் அறையையே ஒழித்து, ஏசியும் சர்வீஸ் செய்தாயிற்று, நாங்கள் இருவரும் ஹாலில் படுத்துக்கொள்வோம், எங்களுக்குப் பாய்தான் சுகம். அபார்ட்மென்டை வேண்டாம் என்று சொல் என்று நான் வற்புறுத்தமாட்டேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, அந்தத் தலைமாட்டு விஷயத்தையும் மறைக்காமல் படி. வந்து அவரே ஆட்டிப் பார்க்கட்டும், உருட்டிப் பார்க்கட்டும், மூட்டை ரெடியாக இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். விடியற்காலை ஃபஜ்ரு தொழுதுவிட்டு உன் அறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஆள் தூங்க வேண்டும்.

அல்லாஹ் உங்கள் நால்வருக்கும் நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் பரக்கத்தும் தரட்டும், பிரயாணத்தை இலேசாக்கி வைக்கட்டும். பிள்ளைகளின் தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வா, பழகிய வாசனை இருந்தால் சீக்கிரம் தூங்குவார்கள், மறந்துவிடாதே. உன் பலகைக்கு இன்னும் தலையணை தைக்கவில்லை, தைக்க வழியில்லை. இழுத்துப் போட்டு அளவு சரியா என்று பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லி மூன்று ராத்திரியாக உன் அத்தா அதில்தான் குறட்டை விடுகிறார், இன்று காலை கதவைத் திறந்தபோதும் அவர்தான் கிடந்தார். நான் எழுப்பினால் எழுந்திருக்கமாட்டேன் என்கிறார், இடத்துக்குச் சொந்தக்காரி வந்து எழுப்பட்டுமாம்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா
அஷ்ரஃபுன்னிசா