நஸீஹாவின் அடுக்களையைக் கழுவியது

ஜனவரி 12, ஞாயிறு

காற்று. துறைமுகத்துப் பக்கமிருந்து மீன் வாடை. நஸீஹா இன்று காப்பியில் உப்பைப் போட்டுவிட்டாள். நான் பேசாமல் குடித்தேன். தன் கோப்பையை வாயில் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் குடிச்ச, லஸ்ஹர்?"

"சூடா இருந்துச்சு" என்றேன். என்ன பதில் இது.

கண் அழுத்த நோய் என்று தெரிந்து இரண்டு வருடமாகிறது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன. என் முகம் தெரியாது.

ஜனவரி 13

எங்கள் மகள் ரீம் தலைநகர் துனிஸிலிருந்து போனில் பேசினாள். ரமலானுக்கு முன்பே எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். "இங்க உம்மி எதையும் தொட வேண்டாம், பாபா. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

நஸீஹா பக்கத்தில்தான் இருந்தாள். எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் வந்து சொன்னாள். "எதையும் தொடாம உக்காந்திருக்க, நான் என்ன நாற்காலியா?"

ஜனவரி 15

அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரத்தில் அடுக்களையைச் சரிசெய்துவிட நினைத்தேன். பாஸ்பேட் ரயிலில் இத்தனை வருடம் கார்டாக இருந்தவன். என் பெட்டியில் விளக்கு எங்கே, கொடி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன். அலமாரி, டப்பா, தரை, கழுவும் தொட்டி, எல்லாவற்றிலும் பிளீச் ஊற்றித் தேய்த்தேன். டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டினேன். பெரிய எழுத்தில். அவளுக்கு!

வந்தாள். இருமினாள். ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"எல்லாம் ஒரே வாடை. சீரகம் எது, கொத்தமல்லி எது? கண்ணுதான் போச்சுன்னு இருந்தேன். மூக்கையும் பிடுங்கிட்டியே."

நல்லதுதான பண்ண நெனச்சேன். அவ மோந்து பாத்துத்தான் எடுக்கறான்னு எனக்கு ஏன் தெரியாமப் போச்சு? தெனமும் கூடவேதான இருக்கேன்...

ஜனவரி 16

ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. வாடை போகவில்லை.

ஜனவரி 18

காலையில் அடுக்களை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் வெளிய எடு."

முற்றம் நிறைந்துவிட்டது. மூடி இருக்கிறது, பானை இல்லை. பானை இருக்கிறது, பிடி இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு என் அக்கா கொடுத்த பீங்கான் தட்டுகள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. "அவளை மாதிரியே, கனம் மட்டும்தான்" என்றாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. உபயோகப்படுவதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். மிச்ச பிளீச்சை மூடி இறுக்கி, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 20

ஆலிவ் எண்ணெய்ப் பச்சை சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்தேன். அடுப்புக்கு மேலே இருந்த பிசுக்கில் துணியை நனைத்து ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும், தானே கழன்று வருகிறது. கழுவும் தொட்டியின் சாக்கடையில் சோடா உப்பு, அதன்மேல் வினிகர். நுரை சீறியது. அவள் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிலில் வினிகர் கொதிக்கவிட்டதும் உள்ளே இருந்த சுண்ணாம்பு முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது. செம்புப் பானையை எலுமிச்சைத் தோலும் உப்பும் வைத்து அவளே தேய்த்தாள்.

நான் முடிந்தது என்ற இடத்தில் விரலை ஓட்டி, "இங்க இன்னும் வழுக்குது" என்றாள். மறுபடி தேய்த்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. வீடு மட்டும் எலுமிச்சையாக மணக்கிறது.

ஜனவரி 24

அடுக்குவதில் சண்டை. என் வரிசை அவளுக்கு ஆகாது. அவள் சொன்னபடி, தினம் எடுப்பது கையெட்டும் உயரத்தில், கனமானது கீழே. சீரகத்துக்கு உருண்டை டப்பா, கொத்தமல்லிக்குச் சதுரம். உப்பு மண்சட்டியில், சர்க்கரை கண்ணாடியில். கத்திகள் தனிப் பெட்டியில், பிடி நம் பக்கம்.

"உனக்குப் புரியாது" என்று என் கண்ணைத் துண்டால் கட்டி, சர்க்கரை கொண்டுவரச் சொன்னாள். திறந்து கிடந்த அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

"எனக்கு இது தெனமும்" என்றாள், மெதுவாக.

கதவுகளைக் கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 3

விரலைச் சுட்டுக்கொண்டாள். குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "ரீம் சொல்றதுதான் சரியோ?" என்று கேட்டாள். கையைத் துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4

மறுபடி அடுப்பு முன்னால் நிற்கிறாள்.

பிப்ரவரி 16

ரீம் காரோடு வந்துவிட்டாள். எங்கள் சாமானைக் கட்டப் பெட்டிகள் வாங்கி வந்திருந்தாள். நஸீஹா, "சாப்பிட்டுப் பேசலாம்" என்று உள்ளே போனாள். உலர்ந்த ஆக்டோபஸ் போட்ட பார்லிக் கஞ்சி. தனியாகவே செய்தாள். ரீம் வாசலில், நடை பழகும் குழந்தைக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நஸீஹா உருண்டை டப்பாவை எடுத்தாள், முகர்ந்தாள், சீரகம் போட்டாள், அதே இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரீமின் கை தானாகக் கீழே இறங்கியது.

ரீம் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

புறப்படும்போது காரின் கண்ணாடியை இறக்கி, "பாபா, உங்களுக்குன்னு ஒழிச்சு வச்ச அறையில பசங்களுக்குப் படிக்கிற மேசை போட்டுக்கட்டுமா?" என்றாள்.

"போட்டுக்கோம்மா."

பிப்ரவரி 19

கரண்டியை இடம் மாற்றி வைத்துவிட்டேன். அடுக்களைக்குள் இனி கேட்டுவிட்டுத்தான் வர வேண்டுமாம்.