எட்டாம் எண் தாலாட்டு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகம் விசாரிக்கிற பொறுமைகூட இப்போது எனக்கு இல்லை, மன்னியுங்கள். உங்கள் கணவர், அதாவது என் கூடப்பிறந்த அண்ணன், என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் அவரைச் சமாளிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு மாதம் ஆகிறது. போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னையும் அந்தப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போயிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இசைத்தட்டு வேலை இன்னும் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ரொமான்டிக் காலத்துத் தனிப் பியானோ உருப்படிகள் பன்னிரண்டு என்று பேச்சு. விரல் பறக்க வேண்டியவை எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டன. இரண்டு கையும் மேலும் கீழும் ஓடுகிற அந்தக் கடைசி உருப்படியை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, காபி ஆறுவதற்குள் எழுந்து வந்துவிட்டார். மாட்டிக்கொண்டது தாலாட்டு. ஐந்து நிமிடம்கூட வராத தாலாட்டு. பதினேழு தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் பாதியில் வேகம் கூடிவிடும். இப்படித் தாலாட்டினால் தூங்குகிற குழந்தையும் எழுந்து ஓடிவிடும் என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

பதிவுகளைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருக்கும் முறை உங்களுக்குத் தெரியும். எது எந்த நாளில் வாசித்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது. நான் வரிசையைக் கலைத்து, வெறும் எண் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் கொடுத்தேன். மற்றதையெல்லாம் அரை நிமிடத்தில் தள்ளிவிட்டு, எட்டாம் எண்ணை மட்டும் கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, "இதுலதான்டா நான் அவசரப்படாம வாசிச்சிருக்கேன். பாத்தியா, முனகல்கூட இல்ல" என்றார். வாசிக்கும்போது முனகாமல் இருக்க அவரால் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். அதை அடக்கிவிட்டதாக அவ்வளவு பெருமை.

நானும் பூரித்துப்போய், அது எந்த நாள் என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். எட்டாம் எண்ணுக்கு நேரே 'முதல் நாள் காலை, மைக் சோதனை' என்று என் கையெழுத்தில் இருந்தது. அண்ணி, அது நீங்கள் வாசித்தது.

நீங்கள் கிளம்பிப் போவதற்குச் சில நாள் முன்பு அது. வழக்கம்போல அவர் உள்ளறையில் வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மைக்கை நகர்த்தினேன், நீங்கள் வாசித்தீர்கள். எப்போதும் நாலு வரி ஆனதும், "மைக் சரியா இருக்கு, எழுந்திரு" என்று அங்கிருந்து குரல் வரும். அன்றைக்கு அவருக்கு ஏதோ போன் வந்துவிட்டது. நீங்கள் தாலாட்டை முழுவதும் வாசித்துவிட்டீர்கள். சோதனைப் பதிவை அன்றைக்கே அழித்துவிட வேண்டியது என் பொறுப்பு. இருபது வருடத்தில் ஒரே ஒரு தடவை மறந்தேன். அதுவும் அவருடைய பதினேழோடு கலந்து ஒரு எண் வாங்கிக்கொண்டது, எழுதும்போதும் நான் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவர், எட்டாம் எண்ணுக்கு ஈடாக மற்ற உருப்படிகளையும் திரும்ப வாசித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பத்து நாள் இந்தக் கூத்து. உங்கள் வாசிப்பைப் போட்டுக் கேட்பார், உட்கார்ந்து வாசிப்பார், வராது. "அன்னிக்கு எனக்கு என்னடா ஆச்சு? எப்படி வாசிச்சேன்?" என்று என்னையே கேட்பார். நான் ஒயரைச் சுருட்டப் போய்விடுவேன். பியானோதான் மாறிவிட்டது என்று சுருதி சேர்ப்பவரை மூன்று தடவை வரவழைத்துச் சண்டை பிடித்தார். மூன்றாம் தடவை அந்த மனுஷர் ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். இசைத்தட்டு நிறுவனத்து அம்மாள் தினமும் போன் செய்து என்னைக் காய்ச்சினார். பதினோராம் நாள் பொறுக்க முடியாமல் நோட்டை அண்ணன் முன்னால் விரித்து வைத்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எட்டாம் எண்ணை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "இவ இப்படி வாசிப்பான்னு ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?" என்றாரே பார்க்கலாம்! எனக்கு வந்த கோபத்தில், பிறந்ததிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தாத நான், "நாலு வரிக்கு மேல நீங்க எப்ப வாசிக்க விட்டீங்க?" என்று கூடமே அதிரக் கத்திவிட்டேன். அவர் அழுதார். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

அவரைச் சொல்லி என்ன? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உங்கள் வாசிப்பைக் கேட்டவன் நான். நன்றாக வாசிக்கிறீர்கள் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். ஒலி அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, அண்ணி.

இப்போது புதுப் பிடிவாதம். தாலாட்டு உங்கள் பெயரில் வந்தால்தான் இசைத்தட்டு வெளிவர வேண்டும், இல்லையென்றால் மொத்தத்தையும் குப்பையில் போடு என்கிறார். நிறுவனத்து அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டார். இனி உங்கள் சம்மதம்தான் வேண்டும். "அதை நீங்களே எழுதிக் கேளுங்கள்" என்று அண்ணனிடம் சொன்னேன். எழுதினார். முதல் வரியில் நிறுத்துவது, கசக்குவது, மறுபடி ஆரம்பிப்பது என்று ஒன்பது கடிதம். கலைத்து எண் போட்டுக் கொடு, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் என் கையெழுத்தில் வருகிறது.

சம்மதம் இல்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். என் நான்கு மாத வேலை போனால் போகட்டும்.

இன்னொரு விஷயம். அட்டையில் உங்கள் பெயரைத் தனியாகப் போடுவதா, பின்னால் அவர் பெயரையும் சேர்த்துப் போடுவதா என்று அச்சகத்துக்காரர் கேட்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டுமாம். இப்படி எழுது என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அச்சகத்துக்காரர் அப்படி எதுவும் கேட்கவில்லை, அண்ணி. உங்கள் மனதுக்கு எது சரியோ அதை எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

நீங்கள் 'ஒயர்' என்று கூப்பிடும்
உங்கள் கொழுந்தன்