ஷெட்டில் நிற்கும் மெஷின் யாருடையது

இன்று காலை அம்மா குளிர்காலத் துணிகளை வெளியே எடுத்து உதறினாள். உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டரிலிருந்து டீசல் வாசனை வந்தது. சோப்புப் போட்டுத் துவைத்துத்தான் மடித்து வைத்திருந்தோம். இருந்தும் துருவை ஊறவைத்த டீசலும் சில்வர் ஓக் மரத்தூளும் கலந்த அந்த வாசனை நூலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அம்மா அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். நான் தள்ளி நின்றே முகர்ந்தேன். உங்களிடமிருந்து நான் எப்போதும் நின்ற தூரம் அதுதான்.

அம்மா உங்களைக் கல்யாணம் செய்துகொண்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. என் அப்பா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு வார நாளில், மாதா கோயிலில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, சாமியார் சுருக்கமாக முடித்துவைத்தார். உங்களை மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள் சிலர், அப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள் சிலர். நான் "இங்க பாருங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். இந்த மடலிலும் வேறு பெயர் வரவில்லை.

குந்தா பக்கம் பவர் ஹவுஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கிற ஒரு விதவையை எதற்காகத் தேடி வருகிறார் என்று நான் யோசித்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுவதற்காக என் அப்பா போட்ட ஷெட் இருந்தது. பேசி முடிக்க வந்த அன்று நீங்கள் அம்மாவைப் பார்த்ததைவிட அந்த ஷெட்டைத்தான் அதிக நேரம் பார்த்தீர்கள். கான்கிரீட் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தீர்கள். இந்த ஆள் கல்யாணம் செய்துகொள்ளப்போவது ஷெட்டை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மெஷின் வந்தது. முழுதாக வரவில்லை. ஜீப்பில், தார்ப்பாய் போட்டு மூடி, ஒவ்வொரு துண்டாக வந்தது. திருட்டுச் சாமான்கள் அப்படித்தான் வரும் என்று எனக்குத் தோன்றியது. அடிப்பாகம் ஒரு நாள், இழைக்கிற மேசை இன்னொரு நாள், ரம்பம் மாட்டும் தண்டு பிறகொரு நாள். கூடலூர் பக்கம் ஏதோ பழைய எஸ்டேட்டில், தேயிலைப் பெட்டிக்குப் பலகை அறுத்த கொட்டகையில் கிடந்தது என்றும், கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தேன் என்றும் அம்மாவிடம் சொன்னீர்கள். அறுக்க, இழைக்க, ஓரம் செதுக்க, துளை போட, கடைய எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் என்றீர்கள். அவ்வளவு வேலை செய்கிற ஒன்றை யார் தூக்கிப் போடுவார்கள்?

எட்டாவது முடித்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்காகச் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அம்மா வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் ஷெட்டில் நீங்களும் இருப்போம். எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. உங்களைக் கண்காணிப்பது.

அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷெட்டின் உள்பக்கம் தெரியும். உடைந்த இரும்புக் கட்டிலின் சட்டத்தை நீங்கள் தூக்கிக்கொண்டு போனதையும், மறுநாள் அது பலகையை நேராகப் பிடிக்கும் தடுப்பாக மேசைமேல் நின்றதையும் பார்த்தேன். என் பழைய சைக்கிளின் செயினும் உள்ளே போனது. இப்படியே விட்டால் எங்கள் வீடு முழுக்க அந்த மெஷினுக்குள் போய்விடும் என்று பயந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொல்வீர்கள்.

"இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சுங்களா? சரி, வேலைய ஆரம்பிச்சர்லாம்."

எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் ஜன்னலை விட்டு நகர மாட்டேன்.

மெஷினின் அடிப்பாகத்தில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் வெறும் திருகு ஓட்டைகள்தான் இருந்தன. அடையாளம் தெரியக்கூடாது என்று நீங்கள்தான் கழற்றி எறிந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதைப் பார்க்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள்.

"என்னைய நம்ப வேண்டாமுங்க அம்மிணி. ஓட்டைக்குள்ள அடிச்சுப் பாருங்க."

பார்த்தேன். ஓட்டைகளுக்குள் பழைய பச்சைப் பெயின்ட் காய்ந்து அடைத்திருந்தது. தகடு கழன்ற பிறகு, எப்போதோ, யாரோ மெஷினுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீங்கள் கொண்டுவந்த பிறகு கழன்றதல்ல அது. நான் உங்களை நம்பவில்லை. அந்தப் பெயின்டை நம்பினேன். அதுவே போதும் என்பதுபோல நீங்கள் டீயைக் குடித்தீர்கள்.

மெஷினை முதல்முதலாக ஓட்டிய நாள் நினைவிருக்கிறதா? எஸ்டேட் கொட்டகையில் அதற்கென்று மோட்டார் கிடையாது. கூரையோரம் ஓடும் நீளத் தண்டிலிருந்து தோல் பெல்ட் போட்டு எல்லா மெஷினையும் சேர்த்து ஓட்டியிருக்கிறார்கள். நம் வீட்டில் நீங்கள் கிணற்று பம்பின் பழைய மோட்டாரைக் கீழே பொருத்தி, புதிய பெல்ட் மாட்டினீர்கள். அம்மாவை லீவு போடச் சொல்லியிருந்தீர்கள். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நீங்கள் சுவிட்சைப் போட்டதும் ரம்பம் சுற்றியது, அம்மா கை தட்டினாள், நீங்கள் பலகையை எடுத்துக்கொண்டு மேசையை நெருங்கினீர்கள்.

நான் ஜன்னலை விட்டு வாசலுக்கு ஓடி வந்தேன்.

"இங்க பாருங்க! பல்லு மேல போகுதுங்க!"

உங்களுக்கு எதிரே கீழ்நோக்கி இறங்க வேண்டிய பல் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ரம்பம் தலைகீழாகச் சுற்றியது. கொட்டகைக்காரர்கள் பெல்ட்டைக் குறுக்கே முறுக்கிப் போட்டு ஓட்டிய மெஷினுக்கு நீங்கள் பெல்ட்டை நேராகப் போட்டிருந்தீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள்.

"பவர் ஹவுஸ்ல எத்தன வருசம்! பாருங்க, சுத்து மாறுனது எனக்குத் தெரியல. சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்கற புள்ளைக்குத் தெரிஞ்சுருச்சு."

அம்மா, "அவ யாரையுமே நம்ப மாட்டாளுங்க, அவ அப்பன் மாதிரியே," என்றாள்.

"நம்பாம இருக்கட்டும். மெஷின் இருக்கற ஊட்டுல ஒருத்தராச்சும் அப்பிடி இருக்கோணும்."

அதற்குப் பிறகு நான் ஜன்னலில் நிற்காமல் ஷெட்டுக்குள்ளேயே நின்றேன். நீங்கள் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் எங்கே தப்புச் செய்வீர்கள் என்று பார்த்துப் பார்த்தே எனக்கு வேலை பிடிபட்டது. கோத்தகிரி ரோட்டில் தேன் கடை வைத்திருக்கும் அக்கா தேனீப் பெட்டி கேட்டபோது, "இன்ஸ்பெக்டர்கிட்ட கேளுங்க" என்று என்னைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த அக்காவிடம் நான் பேசவே தேவையில்லாமல் இருந்தது. நான் செய்து வைத்த பெட்டியைத் திறந்து, மூடி, தட்டிப் பார்த்தார், இன்னும் வேண்டும் என்றார். வாயைத் திறக்காமல் ஒரு வேலை செய்ய முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கிப் போனீர்கள். திரும்பி ஏறவில்லை.

நீங்கள் இறந்து, கோயிலில் உங்களுக்குப் பூசை வைத்த வாரம், கீழ் பஜாரில் கட்டிலும் பீரோவும் விற்கிறவர் பிக்கப் வண்டியோடு வந்தார். கூட இரண்டு லோடுமேன்கள். நீங்கள் இருந்தபோது ஒருமுறை பலகை இழைக்க வந்தவர்தான். அன்றே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இழைத்த பலகையைத் தடவிக்கூடப் பார்க்காமல், குனிந்து மெஷினின் அடியைப் போனில் படம் எடுத்தார்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்," என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். "அந்த மெஷின் என்னுதுங்க. எங்கப்பா காலத்துது. ரிப்பேர் பண்ணச் சொல்லி உங்க வீட்டுக்காரர்கிட்டக் கொடுத்திருந்தேன். வாய் வார்த்தைதான். அவர மாதிரி ஆளுகிட்டப் பேப்பர் கேக்க முடியுங்களா?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. உங்கள் மீது யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய பயம்.

"அப்பிடின்னா எடுத்துக்கங்க தம்பி. செத்தவர் பேர்ல அடுத்தவங்க பொருள் வேண்டாம்."

அந்த மெஷின் போய்விட்டால் எனக்குத் தேனீப் பெட்டி இல்லை, ஷெட் இல்லை, எழுந்து செய்ய ஒன்றுமே இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் உங்கள் மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய ஜீப் கண்முன் வந்தது. ஏலத்தில் எடுத்ததற்கு நான் எதையும் பார்த்ததில்லை. ஓட்டைக்குள் இருந்த பெயின்ட், தகடு எப்போதோ போனது என்றுதான் சொல்லும். மெஷின் யாருடையது என்று சொல்லாது. இவர் சொல்வது நிஜமாக இருந்தால்?

லோடுமேன்கள் ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். கடைக்காரர் மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். பலகையின் கனத்துக்கு ஏற்ப மேசையை ஏற்றி இறக்குகிற பெரிய இரும்புச் சக்கரத்தின் மேல் கை வைத்து நின்றார். குரல் தழுதழுத்தது.

"பாருங்கக்கா, இந்தச் சக்கரம். ஒரிஜினலுங்க. எங்கப்பா கையில சுத்தித் தேஞ்ச சக்கரம். இதத் தொட்டா அவரையே தொட்ட மாதிரி இருக்குது."

நான் அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். மெஷின் வந்தபோது அந்த இடத்தில் சக்கரமே இல்லை. முறிந்த கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று அவளுடைய தையல் மெஷினுக்கு நீங்கள் சின்ன மோட்டார் மாட்டிக்கொடுத்தீர்கள். கால் மிதிக்கு மேல் சும்மா நின்ற பெரிய சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையைப் பெரிதாக்கி, பச்சைப் பெயின்ட் அடித்து இங்கே பொருத்தினீர்கள். அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நான் பார்த்த வேலை அது.

பேச வேண்டும். அது என்னால் ஆகாது. நான் வீட்டுக்குள் போனேன். தையல் மெஷினை மேல்பலகையிலிருந்து தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, இரும்புக் காலை மட்டும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நிறுத்தினேன். சக்கரம் இருந்த இடத்தில் மொட்டை ஆணி நின்றது. கையால் அதைக் காட்டினேன். பிறகு பச்சைச் சக்கரத்தைக் காட்டினேன்.

அம்மா இரண்டையும் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்க தம்பி," என்றாள் மெதுவாக. "உங்கப்பாரு பீரோ செஞ்சாருங்களா, இல்ல ஜாக்கெட்டுத் தெச்சாருங்களா?"

லோடுமேன்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

"அது... சக்கரத்த மட்டும் மாத்தியிருப்பாருங்க," என்றார் கடைக்காரர்.

அப்போது என் வாய் திறந்தது. எனக்கே கேட்காத குரல்தான். "அப்ப உங்கப்பா கையில தேஞ்சது எதுங்க?"

"சின்னப் புள்ள, உனக்கு என்ன தெரியும்?"

"மோட்டார் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமுங்க. தடுப்பு எந்தக் கட்டில்ல இருந்து வந்துச்சுன்னு தெரியும். இதுல எது எங்க ஊட்டுதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன். மிச்சம் இருக்கறதுல உங்களுது எதுன்னு நீங்க சொல்லுங்க."

அவர் மெஷினைப் பார்த்தார். எதைத் தொட்டாலும் அது எங்கள் கட்டிலாகவோ சைக்கிளாகவோ இருந்துவிடுமோ என்று பயந்தவர்போலக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வண்டிக்கு வாடகை வீண் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அதற்கப்புறம் வரவில்லை. பஜாரில் அம்மாவைப் பார்த்தால் எதிர்ச் சந்துக்குள் திரும்பிவிடுகிறாராம்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள், "இப்பவாச்சும் அவர நம்பறியா கண்ணு?" மெஷின் அந்த மனிதருடையது அல்ல என்று தெரிந்தது. உங்களுடையதுதான் என்று தெரிந்துவிட்டதா என்ன? கூடலூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஒருநாள் ஏறி, அந்த எஸ்டேட்டைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வருவேன். யாரிடமாவது பேசத்தான் வேண்டியிருக்கும். ஒருமுறை பேசியாகிவிட்டது, இன்னொருமுறை பேசலாம்.

நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். தினமும் சுவிட்சைப் போடும் முன்னால் பெல்ட்டைக் கையால் இழுத்து, கத்தியையும் ரம்பத்தையும் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது உங்கள் வழக்கம். நேற்று நன்றாக ஓடியதே என்று ஒருநாளும் விட்டதில்லை. எங்காவது இடிக்கிறதா, உரசுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பீர்கள். இப்போது நான் அதைச் செய்கிறேன். மெஷினைச் சுற்றிப் பார்க்கிறபோதே உங்களையும் அப்படி ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னது, செய்தது, கொண்டுவந்தது, எடுத்துக்கொண்டது எல்லாவற்றையும். இன்று காலையும் பார்த்தேன். இதுவரை எங்கும் இடிக்கவில்லை.