மாடிப்படிச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

முப்பது வருடம் தாண்டிய கட்டடங்களைச் சோதிக்க அரசு உத்தரவாம். உன் அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஒரு அம்மா வந்தார். அக்கா குடியிருக்கும் கட்டடத்துக்கு உன்னை அனுப்பமாட்டார்களாமே! மாடிப்படிச் சுவரில் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, அதில் தேதி எழுதினார். "யாரும் தொடாதீங்க, மறுபடி வந்து பாக்குறேன்" என்று போய்விட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தானே, காவலும் நானே.

கீழ்வீட்டுத் தையல்காரி பயந்துபோய், "காலி பண்ணச் சொல்லிருவாங்களாக்கா?" என்று தினமும் கேட்கிறாள். எனக்கும் அதே பயம்தான். உன் அத்தான் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த இரண்டு அறைதான். பார்த்துச் செய்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

பார்த்துச் செய்வதற்கு நான் யார்? அந்தக் கோப்பை நான் தொடவே கூடாது. ஆனால் ஒன்று, யாரையும் தெருவில் விடமாட்டார்கள். பழுதுபார்த்து முடியும்வரை தங்க வீடு கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கு. தையல்காரியையும் தூங்கவிடு.

தம்பி

மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு கூத்து நடந்தது, கேள். படி கழுவிய அன்று பார்க்கிறேன், கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருக்கிறது. என் துடைப்பம் பட்டிருக்கும். என் மானமும் போய், உன் பெயரும் கெட்டுவிடுமே! கண்ணாடிக் கடையில் அதே அளவுக்கு வெட்டி வாங்கி ஒட்டி, பழைய தேதியை அந்த அம்மாவின் கையெழுத்து மாதிரியே எழுதிவிட்டேன். நேற்று அவர் வந்து பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கு, நல்லது" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் அக்கா

மார்ச் 28, காலை

அக்கா,

இதைக் கொண்டுவருவது தபால்காரர் அல்ல, அந்தப் பொறியாளரே. போனில் சொன்னால் நீ வாதாடுவாய்.

அந்தக் கண்ணாடி துடைப்பம் பட்டு உடையாது. சுவர் நகர்ந்தால்தான் உடையும். நகர்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஒட்டுகிறோம். முதல் நாளே உங்களுக்குச் சொல்லாதது எங்கள் தப்பு. உன் கடிதத்தை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இன்று மாலைக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும், வாகனம் வரும்.

என்மேல் கோபப்படு. வெளியே வந்து கோபப்படு.

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

அரசு கொடுத்த வீட்டிலிருந்து எழுதுகிறேன். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, மற்றபடி குறையில்லை. அங்கே சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அடித்தளமே இறங்கியிருக்கிறதாம். இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்காது என்கிறார் பொறியாளர்.

இத்தனை நாளாக உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. நான் கண்ணாடி மாற்றியது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டாவது முறை உடைந்தபோது யாரும் படி கழுவவில்லை. துடைப்பம் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் ஒட்டினேன், வீடு போய்விடுமே என்று. மனசு கேட்காமல்தான் உனக்கு எழுதினேன். அதையும் வேடிக்கையாக்கி, பாதியை மறைத்து எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

தையல்காரியின் குழந்தை அந்தச் சுவரை ஒட்டித்தான் தூங்கும். நேற்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எழுதினதாலதான்கா நாங்க பொழச்சோம்" என்று அழுதாள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தையும் உன் மேலதிகாரியிடம் கொடுத்துவிடு. அவளிடம் இன்று நானே போய்ச் சொல்கிறேன்.

அக்கா