எண்ணெய்க் கறை படிந்த புத்தகம்

அன்பு மகளுக்கு,

எங்கள் நூலகத்தில் பாலினம் பற்றிய நூல்களுக்குத் தனி அலமாரி வைத்துவிட்டேன். படிப்பவர்கள் கூச்சப்பட்டு அவற்றை வேறு அலமாரிகளில் ஒளித்துவிட்டுப் போகிறார்கள். தேடி அடுக்குவதற்குள் என் இடுப்பு ஒடிகிறது.

மகனென்று வளர்த்த பிள்ளை மகளாக வாழ்வதைப் பற்றிய புத்தகம் மட்டும் எப்போதும் வண்டி ரிப்பேர் புத்தகங்களுக்குப் பின்னால்தான் கிடைக்கும். போன வாரம் எட்டிப் பார்த்தேன். உன் அப்பா! பட்டறையிலிருந்து நேராக வந்து, கறுத்த விரலால் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்கு எடுத்துட்டு வரலாமே?” என்றேன்.

“அங்க நீ பாத்துடுவியே.”

நூலகரின் கண்ணில் படாமல் நூலகத்திலேயே படிக்கிறாராம்!

புத்தகத்தை அழுக்காக்கியவர் புதிது வாங்கித் தரவேண்டும் என்பது எங்கள் விதி. முணுமுணுக்காமல் வாங்கித் தந்தார். பழையதை இதோடு உனக்கு அனுப்புகிறேன். ‘மறுபடி பேசத் தொடங்குவது எப்படி’ என்ற அத்தியாயத்தைப் பார். கறையில் எழுத்தே தெரியவில்லை.

அம்மா